கெடாமல் போன கடிகாரம்

அக்கா,

இன்று காலை உன் குசினி வாசனை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வெண்ணெயும் கறுவாப்பட்டையும் கரிந்த சீனியும் சேர்ந்த வாசனை. தோட்டத்து டிரைவர் ஒரு பழைய துவாயில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து நானாவிடம் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தார். நானா அதைத் திரைக்கு உள்ளே நீட்டினார். துவாயைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கேக் சுட்ட பங்களாப் போறணையின் கடிகாரம்.

உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. முன்னால் கறுப்புக் கண்ணாடி, அதற்குள் பச்சை எண்களில் மணி தெரியும். பின்னால் கம்பிகள் ஒட்டிய ஒரு தகடு. எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். இன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். டிரைவர் வாங்கில் இருந்தபடியே என்னவோ சொன்னார். அவர் சொன்னதை இப்போது எழுத மாட்டேன். எழுதினால் மேலே எழுத முடியாது. முதலிலிருந்தே வருகிறேன்.

நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இந்த மடலில் மட்டும் 'நீ' என்று சொல்லப்போகிறேன். மரியாதை பார்த்துப் பார்த்து நாம் இழந்தது போதும். கோபம் வந்தால் ஏசிவிட்டுப் போ. நீ ஏசிக் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

உன்னை முதலில் பார்த்த நாளை நினைத்தால் இந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதுளைக் கடைவீதியில் எங்கள் ரேடியோக் கடைக்கு முன்னால் என் அண்ணன், நானா, இருப்பார், பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் இருந்து பழுது பார்ப்பவர் ஒரு மெக்கானிக் பாஸ், யாரோடும் பேசாத ஆள் என்று ஊர் நம்பியிருந்தது. அந்தப் பாஸ் நான்தான். வாப்பாவுக்குக் கண் மங்கிப்போன பிறகு அவர் மேசையில் நான் உட்கார்ந்தேன். நானாவுக்கு ஒரு பல்பைக்கூட ஒழுங்காகப் பூட்ட வராது. கல்யாணமாகாத தங்கச்சி கடையில் வேலை செய்கிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால் ஒரு திரை, அதற்குப் பின்னால் ஊமைப் பாஸ்.

நீ வந்தாய். பசறை பஸ்ஸில் இறங்கி, சேலைத் தலைப்பில் கடிகாரத்தைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய் என்று நானா பிறகு சொன்னார். எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது.

"வெச்சிட்டுப் போங்க. அடுத்த கிழம வாங்க" என்றார் நானா.

"வச்சிட்டுப் போறதுக்கு இது என்ன அழுக்குத் துணியாங்க? சீக்காளிய மட்டும் விட்டுட்டுப் போனா போதுமா, நோவு என்னான்னு சொல்ல ஆளு வேணாமா? பாக்குற பாஸக் கூப்பிடுங்க."

"பாஸ் ஆக்களோட பேச மாட்டார்."

"அவரு பேச வேணாங்க. நான் பேசிக்கிறேன்."

அடுத்த நிமிடம் திரை விலகியது. ஒரு கையில் சூடான சோல்டரிங் அயன், வாயில் ஒரு திருகாணி, தலைமுக்காடு தோளில் கிடக்க நான் உட்கார்ந்திருந்தேன். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அடி ஆத்தே! பொம்பளப் பாஸா!"

"சத்தம் போடாதீங்க" என்று அதட்டினேன். என் வாய் எப்போதுமே கொஞ்சம் துடுக்கு. "வெளிய சொல்லிப் போடாதீங்க."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன், பங்களாக் கோழிகிட்டயா?" என்று தரையில் உட்காரப் போனாய். கதிரையில் இருங்க என்றேன். நீ கதிரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு கதிரையின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாய். பங்களாவில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு கதிரையில் உட்கார்ந்ததில்லை என்று நீ சொன்னது வேறொரு நாளில். அன்று சொல்லியிருந்தால் எனக்கு வேலையே ஓடியிருக்காது.

தோட்டத்துப் பங்களாக்களில் சமையலுக்கு ஆம்பளை அப்புதான் இருப்பார், நீங்க எப்படி என்று கேட்டேன். உன் புருஷன்தான் அங்கே அப்பு என்றாய். அவர் போன பிறகு, உன் கைப்பக்குவம் நாக்குக்குப் பழகிவிட்டதால் துரை உன்னையே வைத்துக்கொண்டாராம். "அவரு இடத்துல நானு. பேருக்குத்தான் ஆயா, வேலை அப்பு வேலை" என்றாய். அப்போதே எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று. வேறொருவருடைய இடத்தில் உட்கார்ந்து, வேறொருவருடைய பேரில் வேலை செய்கிற இன்னொருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடிகாரத்தைத் திறந்தேன். போறணையின் சூடு நேராக அதன் முதுகில் அடிக்கிறது. ஒரு கம்பியை ஒட்டியிருந்த ஈயம் சூட்டில் வெடித்து விட்டிருந்தது. குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடு ஏறினால் எண்கள் அணைந்துவிடும், கூடவே போறணையும் நின்றுவிடும். இந்தக் கடிகாரம் சரி என்று சொன்னால்தான் போறணைக்குக் கரண்டு போகும் என்று விளக்கினேன்.

"அப்ப இது கணக்கப்பிள்ளை மாதிரிங்க" என்றாய். "அவரு பேரு போட்டாத்தான் நம்ம வேலை வேலை. இல்லாட்டி மலைல நின்னு கொழுந்து பறிச்சாலும் அன்னைக்கு வரலன்னுதான் அர்த்தம்."

அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்துக்கு நம்மிடையே பேர் கணக்கப்பிள்ளைதான். உனக்கு அதைக் கண்டால் ஆகாது. கேக் வெந்துவிட்டதை மூக்கால் கண்டுபிடிப்பவள் நீ. போறணைச் சூட்டை அறிய ஒரு சிட்டிகை மாவைத் தூவி அது சிவக்கும் விதத்தைப் பார்ப்பாய். "என் மூக்கு சொல்லுது, இந்தப் பச்சை நம்பரு எதுக்குங்க?" என்பாய். கரண்டு போய்வந்தால் அது சைபர் காட்டி விட்டு விட்டு எரியும். அது முழிக்கிற முழியைப் பார்த்தால் களவெடுத்துப் பிடிபட்டவன் முழி என்பாய்.

நானாவின் மனைவி, என் மதினி, தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். அவர் என்னை ராத்தா என்று கூப்பிடுவதைக் கவனித்தாய் போலிருக்கிறது. போகும்போது "வாறேன் ராத்தா" என்றாய். நான் "போய்ட்டு வாங்க அக்கா" என்றேன். நானோ உன்னை மூத்தவள் என்கிறேன், நீயோ என்னை மூத்தவள் என்கிறாய். யார் மூத்தவள் என்று நாம் சண்டை பிடித்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? நீ பிறந்த வருடம் உனக்கும் தெரியாது. ஃபெக்டரிக் கூரை காற்றில் பறந்த வருடம் என்பாய். அது எந்த வருடம் என்று கேட்டால், நீ பிறந்த வருடம் என்பாய்.

இரண்டாம் தடவை நீ வந்தபோது கடிகாரத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி மணியைத் திருத்தினால் போதும். அதைக் காட்டிக் கொடுத்தேன். "இதுக்கா பஸ் ஏறி வந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் எழுந்து போகவில்லை. மத்தியானம் முழுக்க இருந்தாய். இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன உன் மகளைப் பற்றிப் பேசினாய். கோத்தகிரிப் பக்கம் அங்கேயும் தேயிலைத் தோட்டம்தானாம். "கடல் தாண்டிப் போயும் கொழுந்துதான் பறிக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய், சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. நான் கருப்பட்டித் தட்டை உன் பக்கம் தள்ளினேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. உடைந்த ரேடியோவிடம் பேசத் தெரிந்த அளவுக்கு மனிதரிடம் பேசத் தெரியாது.

மூன்றாம் தடவை நீ அதைக் கொண்டுவந்தபோது கம்பி கழன்றிருந்தது. நான் ஒட்டிய ஈயம் வெடிக்கவில்லை, உருகவில்லை. கம்பியைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தகட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு விரல் பதிந்திருந்தது. அரைத்த மஞ்சள். நான் தலையைத் தூக்கினேன். நீ சுவரில் தொங்கிய கலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

துணியால் மஞ்சளைத் துடைத்தேன். கம்பியை ஒட்டினேன், ஒட்டியும் ஒட்டாமலும். ஒரு மாதம் தாங்கினால் போதும் என்கிற அளவுக்கு. நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். போகும்போது படியில் நின்று திரும்பி, "கெட்டா வாறேன் ராத்தா" என்றாய். "கெட்டா வாங்க" என்றேன். நானா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாராவது வெளியூர்க்காரர் இதைக் கேட்டால், பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார்ப்பதுதானே, இதற்கு ஏன் ஒரு கடிகாரத்தைக் கெடுக்க வேண்டும் என்று கேட்பார். பங்களாவில் இருப்பவள் சும்மா டவுனுக்குப் போக முடியாது. சாமான்கள் வாரா வாரம் டிரைவர் கொண்டுவந்து கொடுப்பார். நோய் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி. கோயில் என்றால் தோட்டத்துக்குள்ளேயே மாரியம்மன். 'என்ன வேலை?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் உனக்கு லீவு கிடையாது. நான் வந்திருக்கலாமே என்றால், நான் வாசல்படி இறங்கினாலே நானா கேட்கிற கேள்வியும் அதேதான். துணிக்கடைக்கு என்றால் மதினி கூட வருவார். மையத்து வீட்டுக்கு என்றால் குடும்பமே வரும். பசறை ரோட்டில் ஒரு தோட்டத்துப் பங்களாக் குசினிக்கு என்று சொன்னால் எனக்குப் பைத்தியம் என்று ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வருவார்கள். ஆகவே கணக்கப்பிள்ளை கெட்டால்தான் நமக்குப் பேர் போடுவார்.

அப்படியே மாதத்துக்கு ஒரு தரம் அது கெட்டது. நமுனுகுல மலையில் மூட்டம் விலகிய நாட்களில் எனக்குக் காலையிலிருந்தே பசறை பஸ்ஸின் சத்தத்தில்தான் காது. நீ பங்களாத் தோட்டத்து முட்டைக்கோவாவின் உள்குருத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு வருவாய். நான் அயனைச் சூடாக்குவேன். வேலை கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் பேச்சு. நீ பேசுவாய், நான் இடக்காகப் பதில் சொல்வேன். "இந்த வாயி இருந்தும் ஊருக்கு நீங்க ஊமைப் பாஸ்!" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய். என் வாழ்நாளில் என் வாய்க்காக யாரும் என்னை விரும்பியதில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள்தான் உண்டு. அக்கா, அது என் நல்ல காலம். நல்ல காலம் நடந்துகொண்டிருக்கும்போதே அது நல்ல காலம் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நீ ஒரு நாள் முட்டைக்கோவா இல்லாமல் வந்தாய். கதிரையில் உட்காரவில்லை. பங்களாவில் துரையின் மனைவி துரைசாணி வைத்த பெரிய விருந்து, பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் எல்லாம் வந்திருக்கிறார்கள். இறைச்சி பாதி வெந்த நேரத்தில் கம்பி தானாகவே கழன்று போறணை நின்றுவிட்டது. அந்தத் தடவை நீ அதைத் தொடவே இல்லை. நான் ஒட்டியும் ஒட்டாமலும் ஒட்டியது நமக்கு வேண்டாத நேரத்தில் விட்டுவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாங்க. உன் கை பட்டாத்தான் இது கெடுது, பண்டாரவளைல ஓட்டல்ல இருந்த ஆம்பள அப்பு ஒருத்தரு இருக்காரு, அவரக் கொண்டாந்துருவேன்னு சொன்னாங்க. இன்னும் ஒரு தடவ கெட்டா நான் பெட்டியக் கட்டிக்கிற வேண்டியதுதான்."

"வேலை போனா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போக ஏலாதா?"

"லயமா? அவரு பங்களாவுக்கு வந்தப்பவே தோட்டத்து செக்ரோல் புத்தகத்துல எங்க பேர வெட்டிட்டாங்க. எனக்குன்னு ஒரு காம்பரா கெடையாது ராத்தா. அந்தக் குசினிப் பின்னால இருக்குற ரூமு, அதுவும் இந்த வேலையோட ஒட்டுனது."

நான் கடிகாரத்தை எடுத்தேன். நீ என் கையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாய். "இந்தத் தடவ நல்லா ஒட்டிருங்க ராத்தா."

நீ என்ன கேட்கிறாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லா ஒட்டினால் உனக்குக் கூரை இருக்கும். நல்லா ஒட்டினால் நீ வர மாட்டாய். வேறு வழி இருக்கிறதா என்று நான் யோசித்தேன். அயன் சூடாகும் வரை யோசித்தேன். எங்கள் வீட்டிலேயே உன்னை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன், அதைச் சொல்ல அந்த வீட்டில் எனக்கே உரிமை இல்லை. கடைசியில் வேலையைத் தொடங்கினேன்.

பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். கம்பி நுனியைச் சுத்தமாக்கி, தகட்டின் துளைக்குள் மடக்கிவிட்டுப் புது ஈயம் வைத்தேன். அதற்கு மேல் நூலால் இறுக்கிக் கட்டினேன். சூட்டுக்கு விடாத பசையைக் குழைத்து அந்த இடத்தையே மூடினேன். பெட்டியைப் பூட்டித் திருகாணித் தலைகளில் அரக்கை உருக்கி ஊற்றினேன். வாப்பா பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார். நான் செய்த வேலைகளிலேயே திறமான வேலை அது. செய்யும்போது கண்ணீர் தகட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்தேன். நீ பார்த்தாய். நீயும் அழுதாய். இருவரும் ஒரு கடிகாரத்தைச் சரிசெய்வதற்காக அழுகிறோமே என்று பிறகு சிரித்தோம்.

"இனிக் கெடாது" என்றேன்.

"கெடாதா?"

"கெடாது அக்கா."

நீ அதைத் தலைப்பில் சுற்றினாய். படியிறங்கினாய். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாய். அந்த வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை. பசறை பஸ் உன்னை ஏற்றிக்கொண்டு போனது. நான் உன்னைப் பார்த்தது அதுதான் கடைசி.

அது கெடவில்லை. டிரைவர் ரேடியோ பட்டரி வாங்க வரும்போதெல்லாம் நானாவிடம் திரைக்கு வெளியே இருந்தபடி சொல்வார்: "பங்களாக் கடிகாரம் சும்மா ஜம்முன்னு ஓடுதுங்க." நானாவுக்கு அது பெருமை. எங்கட பாஸ்ட வேலை என்பார். திரைக்கு உள்ளே அந்தப் பாஸ் தன் கையைத் தானே சபித்துக்கொண்டு இருந்தாள். உனக்கு ஒரு கூரை மிஞ்சியிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தேறும். பிறகு பசறை பஸ்ஸின் சத்தம் கேட்கும், தேறினது எல்லாம் போய்விடும்.

அடுத்த வருடம் ஆடிக் கலவரத்தில் கடைவீதி எரிந்தது. எங்கள் வரிசையில் தமிழ்க்கடைகள் கரியாகிக் கிடந்தன. முஸ்லிம் கடை என்பதால் எங்கள் கடை தப்பியது, தப்பினதற்குச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் டிரைவர் வந்தார். நீங்கள் எல்லாரும் தேயிலைக்குள் பதுங்கி இருந்ததாகவும், இப்போது பங்களாவுக்குத் திரும்பிவிட்டதாகவும் சொன்னார். "ராத்தா கடை இருக்கா இல்லையான்னு அந்தக்கா பாத்துட்டு வரச் சொல்லுச்சுங்க" என்றார். வீட்டுப் பொம்பளையாகத் திரைக்குள் இருந்தே, இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். ராத்தா இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொல்ல இருந்தது. நானா பக்கத்தில் நின்றார், டிரைவர் அவசரத்தில் இருந்தார். ஒரு ஆம்பளையிடம் சொல்லி அனுப்பக்கூடிய அளவுக்குத்தான் சொன்னேன்.

உன் புருஷன் உயிரோடு இருந்தபோதே இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார் என்று நீ ஒருமுறை சொன்னாய். நீ அதைத் தள்ளிப்போட்டு வந்தாய். "நான் பொறந்தது இந்த மலைல. அங்க எனக்கு யாரத் தெரியும், மகளத் தவிர?" என்பாய். ஆடிக்குப் பிறகு உனக்குத் தள்ளிப்போடத் தெம்பு இல்லாமல் போயிருக்க வேண்டும். அதை உன் வாயால் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு நாள் டிரைவர் பட்டரி வாங்க வந்தவர், மிச்சச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அந்தக்கா போயிருச்சுங்க" என்றார். "போன கெழம. தோட்டத்து லொறில இன்னும் ரெண்டு குடும்பத்தோட ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து ஏத்திட்டாங்க. தலைமன்னார் போயி கப்பலு."

பதுளை ஸ்டேஷனுக்கு. எங்கள் கடைவீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே ஸ்டேஷனுக்கு. அந்தக் காலை நான் திரைக்குப் பின்னால் யாருடைய ரேடியோவையோ கழற்றிக்கொண்டு இருந்திருப்பேன். ரயில் கூவியது எனக்குக் கேட்டிருக்கும், கேட்டும் தலையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

நீ என்மேல் கோபம் என்று நினைத்தேன், அக்கா. இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்தேன். சொல்லாமல் போய்விட்டாள் என்று. தோட்டத்துப் பொம்பளைதானே, கப்பலைக் கண்டதும் மறந்துவிட்டாள் என்று நானா சொன்னபோது அவரோடு சண்டை பிடித்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் நானும் அதையேதான் நினைத்துக் குமைந்தேன். போன மாரியில், கோத்தகிரியில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய், உன் மகள் தோட்டத்துக்கு எழுதியிருக்கிறாள் என்று டிரைவர் சொன்னபோதுகூட, அழுகைக்கு நடுவே அந்தக் கோபமும் இருந்தது. ஏன் சொல்லாமல் போனாய் என்று செத்தவளோடு மல்லுக்கு நின்றேன்.

இன்று காலை டிரைவர் வாங்கில் இருந்து சொன்னதை இனி எழுதுகிறேன்.

"இந்தக் கடிகாரத்தப் பாத்தா அந்தக்கா ஞாபகம்தாங்க வருது" என்று தொடங்கினார். "போறதுக்கு மொத வாரம் துரைசாணிகிட்ட டவுனுக்குப் போயிட்டு வரணும்னு லீவு கேட்டுச்சு. நான் அங்கதான் கார் தொடச்சிக்கிட்டு நின்னேன். என்ன வேலைன்னு துரைசாணி கேட்டாங்க. இதுக்குப் பதில் வரலைங்க. அப்பறம், கடிகாரம் கெட்டுப்போச்சு, பாஸ்கிட்டக் காட்டிட்டு வரணும்னு சொல்லிருச்சு. துரைசாணி எந்திரிச்சுக் குசினிக்குப் போயிப் பாத்தாங்க. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. போறப்பவும் பொய்யான்னு ஏசிட்டாங்க. அக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டு அங்கனயே நின்னுச்சுங்க. அந்தா இந்தான்னு அப்படியே கெளம்பற நாளும் வந்துருச்சு."

நானா "சீச்சீ, பாவம்" என்றார். டிரைவர் எழுந்து போனார்.

நான் கடிகாரத்தைத் திருப்பினேன். ஒரு திருகாணியின் மேல் இருந்த அரக்கு பெயர்ந்திருந்தது. அதன் தலை கத்தி முனையால் குடைந்து சிதைந்திருந்தது. சுற்றிலும் தகரத்தில் கீறல்கள், ஒன்றல்ல இரண்டல்ல. பெட்டியின் ஓரத்தை நெம்பி, அந்த இடுக்கு வழியாக எதையோ விட்டுக் குத்தியிருக்கிறாய். பசையில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருந்தது. கம்பி இருக்கும் இடத்தைச் சரியாகத்தான் குத்தியிருக்கிறாய், எத்தனை தடவை நான் அதை ஒட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீ. ஆனால் அது விடவில்லை. இன்றுகூட விடவில்லை. கடிகாரம் நின்றது வேறு காரணத்தால், உள்ளே ஒரு கன்டென்சர் உலர்ந்துவிட்டது. நான் ஒட்டிய இடம் நேற்று ஒட்டியதுபோல் இருக்கிறது.

நீ மறக்கவில்லை. நீ வரப் பார்த்தாய். ஒரு குசினியில் கத்தியோடு நின்று, என்னிடம் வருவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கப் பார்த்தாய். என் கைதான் உன்னை விடவில்லை. யா அல்லாஹ், எத்தனையோ பேருடைய ரேடியோ நான் ஒட்டிய மறுநாளே திரும்பி வந்திருக்கிறது. இது ஒன்று எனக்குக் கைகூடிவிட்டது.

இன்றைக்கு முழுக்க அந்த நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'என்ன வேலை?' என்று துரைசாணி கேட்கிறாள், நீ நிற்கிறாய். உன்னைப் போல் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் யார் இருக்கிறாள்? கணக்கப்பிள்ளைக்கும் கொடுப்பாய், நானாவுக்கும் கொடுப்பாய். உனக்கே அன்று வாய் வரவில்லை. 'ஒரு வேலையும் இல்லைங்க, ராத்தாவப் பாக்கணும்' என்பது ஒரு பதில்தான், அக்கா. அதற்கு லீவு கிடைத்திருக்காது, அது வேறு. ஆனால் அது பதில் என்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்க ஆசைப்படுவதைச் சொல்லக்கூடிய காரியமாக யாரும் நமக்குக் காட்டவில்லை. கெட்டால் வா என்றேன். சும்மா வா என்று சொல்ல எனக்கு வரவில்லை. சும்மா வருகிறேன் என்று சொல்ல உனக்கும் வரவில்லை.

அஸர் தொழுதுவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, கடைக்கு முன்பக்கமாக வெளியே வந்தேன். அந்த வழியாக நான் இறங்கியதே இல்லை. வாங்கில் இருந்த ஆட்கள் பார்த்தார்கள்.

"எங்க போற?" என்றார் நானா.

"ஸ்டேஷனுக்கு."

"என்ன வேல?"

"ஒரு வேலயும் இல்ல நானா. ஒரு ஆளப் பாக்க இருந்திச்சு."

அவர் கதிரையிலிருந்து பாதி எழுந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் நடந்தேன். கடைவீதியைத் தாண்டி, மீன் சந்தையைத் தாண்டி நடந்தேன். ஸ்டேஷனில் ரயில் ஒன்றும் இல்லை. ஒரு போர்ட்டர் நடைமேடையைக் கூட்டிக்கொண்டு இருந்தார், என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. உன்னை ஏற்றியிருப்பார்கள் என்று நான் நினைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உனக்காக அல்லாஹ்விடம் ஒரு துஆ கேட்டேன். வேறு மார்க்கத்தவளுக்கு அப்படிக் கேட்கலாமா கூடாதா என்று பள்ளிவாசல் ஆட்கள் வேண்டுமானால் வாதாடட்டும்.

இனி யார் கேட்டாலும் இந்தப் பதிலைத்தான் சொல்வேன். உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது இதுதான், நீ சொல்லாமல் போன பதில். திரும்பி வரும்போது பொழுது இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. கடையிலிருந்து ஸ்டேஷன் அவ்வளவு கிட்டம், அக்கா. நீ அங்கே நின்று கூப்பிட்டிருந்தால், தெருச்சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தால், எனக்குக் கேட்டிருக்கும்.

உன் ராத்தா